அந்த விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை

தம்பி,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. பதில் போட ஏன் இத்தனை நாள் என்று கேட்பாய். மூன்று தரம் எழுதி மூன்று தரமும் கிழித்துப் போட்டேன். அமெச்சூர் வயர்லெஸ் பரீட்சையில் பாஸாகிவிட்டேன், இனி லைசென்ஸ் ஒன்றுதான் பாக்கி என்று நீ எழுதியிருந்ததைப் படித்தேன். சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். “அப்பாவுக்குக் குடுக்காம ஏமாத்துன டெல்லிக்காரன்கிட்டயே நான் வாங்கிக் காட்டுறேம்மா” என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, போலீஸ் விசாரணைக்கு நம் வீட்டுக்கு ஆள் வரும், காக்கிச் சட்டையைப் பார்த்ததும் பயந்து உள்ளே ஓடிவிடாதே என்று ஒரு கேலி. அதற்கும் கீழே, அப்பாவின் பரீட்சைக் காகிதம் ஏதாவது இருந்தால் தேடி அனுப்பு, பெங்களூரில் என் அறையில் கண்ணாடி போட்டு மாட்டப் போகிறேன் என்று ஒரு கட்டளை. நீ ஒரு பாவமும் அறியாமல்தான் எழுதினாய். ஆனால் மூன்றும் எனக்கு எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தின.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். டெல்லிக்காரன் உன் அப்பாவை ஏமாற்றவில்லை. அவருக்கு லைசென்ஸ் கிடைக்காமல் போனதற்குக் காரணம் நான். பதிமூன்று வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமே சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு நீ என் முகத்தில் விழிக்க மாட்டாயோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, உன்னை விட்டால் எனக்கு வேறு யார்? ஆனாலும் வருகிற தை மாதம் உனக்குக் கல்யாணம். முகம் தெரியாத ஓர் ஆபீசர் மேல் கோபத்தை வளர்த்துக்கொண்டு நீ குடும்பத்தைத் தொடங்க வேண்டாம். கோபம் வந்தால் அதற்கு உரியவள் மேல் வரட்டும்.

உனக்கு அப்போது பத்து, பதினொரு வயது. அப்பா அந்தப் பரீட்சைக்குப் படித்தது உனக்கு அரைகுறையாக நினைவிருக்கும். பாளையம்பட்டியில் நம் குடும்பத்துக்கு இரும்புக்கடை. கிணறு வெட்டுகிறவர்களுக்குச் சம்மட்டியும் உளியும் இறைக்கிறவர்களுக்கு வாளியும் சங்கிலியும் விற்கிற கடை. உன் பெரியப்பாதான் கல்லாவில் உட்காருவார். உன் அப்பாவுக்கு வியாபாரத்தில் மனசு ஒட்டவில்லை. சென்னைக்குச் சரக்கெடுக்கப் போனவர், பட்டாளத்தில் கழித்துப் போட்ட ஒரு ரேடியோ ரிசீவரை மூர் மார்க்கெட்டில் வாங்கித் தலையில் சுமந்துகொண்டு வந்தார். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பெட்டி அது. “சங்கிலி வாங்கப் போனவன் சனியனை வாங்கிட்டு வந்திருக்கான்” என்று உன் பெரியப்பா தெருவே கேட்கக் கத்தினார். அப்பா கொல்லையிலிருந்த வேப்பமரத்திலிருந்து வாசல் பக்கத்து மாடிக் கைப்பிடி வரை வீட்டுக்கு மேலாகவே ஒரு செப்புக் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு ஏரியல் என்றார். நான் அது துணி காயப்போடத்தான் என்று நினைத்துப் புடவையைப் பிழிந்து போட்டுவிட்டேன். உள்ளேயிருந்து தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். “ஏ புள்ள, ரஷ்யாக்காரன் பேசிக்கிட்டு இருந்தான், ஒஞ்சேலை அவன் வாயைப் பொத்திருச்சு!” என்றார். எனக்குச் சிரிப்பு அடங்க அரை மணி நேரம் ஆயிற்று.

கேட்கத்தான் அந்தப் பெட்டி. நாமே பேச வேண்டும் என்றால் சர்க்கார் லைசென்ஸ் வேண்டும், அதற்குப் பரீட்சை. சர்க்யூட்டும் வால்வும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தந்திச் சத்தம்தான் தகராறு. டி என்றால் குட்டை, டா என்றால் நெட்டை, இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறையும் அடிக்கவும் வேண்டும், யாராவது அடித்தால் காதால் கேட்டு எழுதவும் வேண்டும். தானே அடித்துத் தானே கேட்டுப் படிக்க முடியாதல்லவா, எதிரில் ஒரு ஆள் வேண்டும். வீரசோழனிலிருந்து கடைக்குச் சரக்கு எடுக்க வரும் காதர் பாயின் மைத்துனர் கப்பலில் வயர்லெஸ் பார்த்தவர். அவர்தான் தந்தி அடிக்கிற அந்தப் பித்தளைக் கட்டையைக் கொடுத்தது. அவர் ஊருக்கு வருவது இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. உன் பெரியப்பாவைக் கேட்டால் கட்டையாலேயே அடித்திருப்பார். கடைசியில் நான்தான் மிஞ்சினேன்.

திருச்சுழிப் பக்கத்து வெள்ளாமைக்காரர் வீட்டில் பிறந்து எட்டாவதோடு நின்றவள் நான். இங்கிலீஷில் எழுத்து தெரியும், வார்த்தை தெரியாது. “எழுத்து போதும்டி, வார்த்தை எனக்கெதுக்கு” என்றார். அடுக்களை நிலைப்படிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். சோறு கொதிக்கிற நேரம் பயிற்சி. தமிழ் வார்த்தைகளையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக்கொள்வோம். மழை வருமா, சோறு ஆச்சா, தம்பி தூங்கிட்டானா என்று. இரண்டு மாதத்தில் அவரைவிட நான் நன்றாகக் கேட்க ஆரம்பித்துவிட்டேன். அவருக்கு எல்லும் எஃப்பும் எப்போதும் குழம்பும். முதல் தடவை சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதியபோது அதிலேதான் கோட்டை விட்டார். துவண்டுபோய் வந்தவரை நான் விடவில்லை. “ஒரு எஃப்புக்குப் பயந்த ஆம்பளையை நான் எங்கயும் பாக்கலை” என்று ஏசியே திரும்பவும் உட்கார வைத்தேன். அடுத்த வருஷம் பாஸானார். தம்பி, அவர் பாஸானதற்கும் நான்தான் காரணம் என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள். மற்றதைப் படிக்கும்போது அது உனக்கு உதவும்.

இனிச் சொல்ல வேண்டியதுதான் கஷ்டம். அந்த வருஷம் தை மாதத்தில் இந்தி எதிர்ப்புக் கலவரம் நடந்து ஊரெல்லாம் போலீஸ். நம் தெருவுக்கு அடுத்த தெருவில் இரண்டு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருவன் திரும்பி வந்தபோது கைத்தாங்கலாகத்தான் நடந்தான். நான் பிறந்த ஊரில் எனக்கு இது பாலோடு ஊட்டிய பாடம். காக்கிச் சட்டை தெருமுனையில் தெரிந்தால் ஆண்கள் கரிசல் காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். பெண்கள் வாசலில் நின்று, அப்படி ஒரு ஆளே இல்லை என்று சொல்ல வேண்டும். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கக்கூடக் கூடாது. ஏழு வயதிலேயே என் மாமாவை அப்படி இல்லை என்று சொல்லி நான் பாராட்டு வாங்கியிருக்கிறேன்.

ஆனி மாதம், காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த நாள். நீ பள்ளிக்கூடத்தில், அப்பா கடையில். நான் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தேன். “யம்மா, யாரும் இருக்கீகளா?” என்று ஒரு குரல். பார்த்தால் ஒரு ஏட்டு. சைக்கிளை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வயதானவர், பார்த்தால் சாதுவாகத்தான் இருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். செம்பில் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு ஒரு காகிதத்தை எடுத்து உன் அப்பா பெயரை முழுசாக, தகப்பனார் பெயரோடு வாசித்தார். “இவுக வீடு இதுதான?” என்றார்.

“எதுக்குக் கேக்குறீக?”

“ஒண்ணுமில்லம்மா, சும்மா விசாரணை. வயர்லெஸ்ஸு விசயமா மேல இருந்து காயிதம் வந்திருக்கு.”

வயர்லெஸ் என்ற வார்த்தையும் காக்கிச் சட்டையும் ஒன்றாக வந்ததும் எனக்கு அந்த வேன்தான் கண்ணில் வந்து நின்றது. “அப்படி யாரும் இங்க இல்லீங்க ஏட்டையா” என்றேன். குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. அவர் கதவு நம்பரை ஒரு தரம் பார்த்தார், காகிதத்தை ஒரு தரம் பார்த்தார். அவர் தலைக்கு நேர் மேலே அந்த ஏரியல் கம்பி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. எதிர்வீட்டுச் சுப்புத்தாயிடம் போய்க் கேட்டார். அவள் என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அந்தப் பேருல இந்தத் தெருவுலயே ஆளு கெடையாதே ஐயா” என்று கன்னத்தில் கை வைத்து ஆச்சரியப்பட்டாள். பக்கத்து இரண்டு வீட்டுப் பெண்களும் அதையே சொன்னார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, தெருவே ஒரே வாயாகச் சொல்லியது. ஏட்டு நோட்டில் எழுதிக்கொண்டு, தண்ணீருக்கு ஒரு நன்றியும் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார். “நல்ல சமயத்துல சுதாரிச்சடி” என்று சுப்புத்தாய் என் முதுகில் தட்டினாள். நாங்கள் நாலு பேரும் சிரித்தோம். உன் அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு முழுக்க எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவரிடம் சொன்னால் பயந்து வயர்லெஸ்ஸையே விட்டுவிடுவாரோ என்று சொல்லாமலும் இருந்துவிட்டேன்.

நாலாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவர், முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். “இந்தா பாரு, லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருக்கேன். போலீசு விசாரணைக்கு ஆளு வரும். வந்தா ஒக்கார வச்சு ஒரு காப்பி குடு. நல்ல மனுசன்தான்னு ரெண்டு வார்த்தை சொல்லு. அம்புட்டுத்தான் சோலி, அப்புறம் லைசென்ஸ் வீடு தேடி வந்துரும்.”

குழம்புக் கரண்டியோடு நின்றேன். “போலீசு எதுக்கு?” என்றேன்.

“வயர்லெஸ்ஸுல பேச விடணும்னா ஆளு யாரு என்னன்னு பாப்பாகள்ல?”

“சரி” என்றேன். அந்த ஒரு “சரி”க்குத்தான் இன்று வரை அனுபவிக்கிறேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடியிருப்பார், காரியம் அன்றே சரியாகியிருக்கும். அடிப்பாரோ என்ற பயமா என்றால் இல்லை, ஒரு நாளும் கை ஓங்கியவர் இல்லை. அந்தச் சிரித்த முகம் என் கண்முன்னால் சுருங்கிப் போவதைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. அந்த ஏட்டு எப்படியும் இன்னொரு தரம் வருவார் என்றும் நம்பினேன். காப்பித் தூள் வாங்கி வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். காக்கிச் சட்டை வராதா என்று ஏங்கி நின்ற பெண்பிள்ளை அருப்புக்கோட்டைத் தாலுகாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வரவே இல்லை.

புரட்டாசிக்குள் பாகிஸ்தான் சண்டை வந்தது. நம் வீட்டுக் கம்பியைப் பார்த்து ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். குமாரலிங்கபுரத்திலிருந்து ஏர்க்கொழு வாங்க வந்த ஒருவர், “ஒங்க தம்பி அந்தப் பக்கத்து ஆளுகளோட பேசுறாகளாமே?” என்று பெரியப்பாவிடமே கேட்டாராம். பெரியப்பா வந்து குதித்தார். அப்பா கம்பியைக் கழற்றி வைத்தார். ஆனால் தினமும் பதினோரு மணிக்குப் போஸ்ட் ஆபீசுக்குப் போவதை மட்டும் விடவில்லை. நீயும் லீவு நாளில் சைக்கிள் பாரில் உட்கார்ந்து கூடப் போவாய். டெல்லிக்காரன் மேல் உனக்குக் கோபம் முளைத்தது அந்த சைக்கிளில்தான் என்று எனக்குத் தெரியும்.

மாசி மாதத்தில் ஒருநாள் போஸ்ட் ஆபீசுக்குப் போவதைத் திடீரென்று நிறுத்திவிட்டார். “என்னங்க, இன்னிக்குப் போகலையா?” என்றேன். “சண்டையினால எல்லாத்தையும் நிப்பாட்டி வச்சிருக்காக போல. பாத்துக்கிடலாம்” என்றார். யார் கேட்டாலும் அதையே சொன்னார். அவருக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று என்று நினைத்து நானும் மேலே கேட்கவில்லை, எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட. ஆனால் பயிற்சியை மட்டும் அவர் விடவில்லை. பரீட்சையும் முடிந்தது, லைசென்ஸும் இல்லை, பிறகு எதற்கு என்றால், “கை மறந்துறக் கூடாதுல்ல” என்றார். முன்பெல்லாம் முடிக்கும்போது ‘முடிந்தது’ என்று ஓர் அடையாளம் அடித்துவிட்டு எழுந்துவிடுவார். இப்போது எழுந்திருப்பதில்லை. கடைசியில் கே என்ற ஒற்றை எழுத்தை அடிப்பார். டா-டி-டா. நீ இப்போது படித்திருப்பாய், அதற்கு ‘நான் முடித்துவிட்டேன், இனி நீ சொல்’ என்று அர்த்தம். அடித்துவிட்டுக் கட்டையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் எதையாவது அடிப்பேன். பால்காரி வரவில்லை, தம்பிக்குச் சளி, இப்படி. முழுக்கக் கேட்டுக்கொள்வார். திரும்பவும் டா-டி-டா.

அடுத்த தையில் அவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. கீழாநெல்லி கொடுத்தோம், மதுரைக்குக் கொண்டுபோனோம், எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். கண்ணெல்லாம் மஞ்சளாக, இரும்புக் கட்டிலில் கிடந்தார். பேச்சு குறைந்துபோயிற்று. ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிவிட்டு வாயைத் துடைத்தேன். கட்டில் சட்டத்தில் நகத்தால் தட்டினார். டா-டி-டா. இரண்டாம் தரம் தட்டினார். மூன்றாம் தரமும் தட்டினார். “இப்ப எதுக்கு இந்தப் பயிற்சி? பேசாமப் படுங்க” என்றேன். சிரித்த மாதிரி உதடு அசைந்தது. கையை எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் போய்விட்டார். நான் அவரிடம் கடைசியாகச் சொன்ன நல்ல வார்த்தை அதுதான் தம்பி, பேசாமப் படுங்க.

அதற்குப் பிறகு அந்தச் சத்தம் என்னை விட்டுப் போகவில்லை. எனக்குப் பைத்தியம் என்று நினைக்காதே. நான் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை என்பது உனக்கே தெரியும். ஆனால் ஒரு தரம் காது பழகிவிட்டால் அதை மூட வழியில்லை. பின் தெருவில் தறி ஓடினால் அதில் வரும். டவுன் பஸ்காரன் ஸ்டாப்பில் ஹார்ன் அடித்தால் நெட்டை குட்டை பார்ப்பேன். சுவரில் பல்லி கத்தினால் எல்லோரும் என்ன பலன் என்று பஞ்சாங்கம் பார்ப்பார்கள், நான் எழுத்து பார்ப்பேன். உன் பெரியப்பா அந்த ரிசீவரைப் பழைய இரும்போடு போட்டபோதுகூட நான் தடுக்கவில்லை, அதோடு சத்தமும் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. கல்லூரி லீவில் நீ வந்திருந்தபோது சாப்பாட்டுத் தட்டில் விரலால் சும்மா தாளம் போட்டாய். “கையை எடுறா” என்று நான் கத்தியதில் நீ மிரண்டுபோய்ச் சாப்பிடாமல் எழுந்துவிட்டாய். என்ன ஏது என்று சொல்லாமலே உன்னை நோகடித்தேன். அதற்கும் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பரீட்சைக் காகிதம் கேட்டாயே, அதற்காகத் தகரப்பெட்டியைத் திறந்தேன். அவருடைய கவரில் இரண்டு தாள் இருந்தது. இரண்டும் இங்கிலீஷ், இரண்டிலும் சிங்க முத்திரை. ஒன்று பாஸ் பண்ணியது, இன்னொன்று மார்க்காக இருக்கும் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். எதை அனுப்புவது என்று மேல்வீட்டில் குடியிருக்கிற டீச்சரம்மாவிடம் காட்டினேன். அந்தப் பெண் இரண்டாவது தாளைப் படித்துவிட்டு, “அக்கா, இது மார்க் இல்லைக்கா” என்றாள். தமிழில் சொல்லச் சொன்னேன். குறிப்பிட்ட விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை, அக்கம்பக்கத்தாரும் அறியவில்லை என்று உள்ளூர்ப் போலீஸ் அறிக்கை கொடுத்திருப்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அறிக்கை தவறு என்றால், போலீசுக்குத் தவறான தகவல் கொடுத்தது யார் என்ற விவரத்தோடு பதில் எழுதலாம். அவ்வளவுதான். அந்த விலாசத்தில் இல்லாத ஆளுக்கு அந்த விலாசத்துக்கே கடிதம் போட்டிருக்கிறார்கள், அவரும் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். மாதம் கேட்டேன். அவர் போஸ்ட் ஆபீசுக்குப் போவதை நிறுத்திய அதே மாசி.

பின்பக்கம் பென்சிலில் ஏதோ இருக்கிறது என்று டீச்சரம்மா திருப்பினாள். அவருடைய கையெழுத்து. இங்கிலீஷில் பதில் எழுதத் தொடங்கியிருக்கிறார், அவள்தான் தமிழில் சொன்னாள். ‘மரியாதைக்குரிய ஐயா, நான் இதே விலாசத்தில்தான் பிறந்தது முதல் வசித்துவருகிறேன். அன்றைய தினம் என் வீட்டில் இருந்தது என்’ என்று வந்து நின்றுவிட்டது. “அதுக்கு மேல எழுதலைக்கா” என்றாள். நான் அவள் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டு கீழே வந்துவிட்டேன். படியில் ஒரு தரம் உட்கார்ந்தேன்.

தெரிந்திருக்கிறது தம்பி. பதினோரு மாதம் அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் விசாரணை என்மேல் திரும்பும். பொய் சொன்ன பெண்பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவார்கள். நம் சனத்தில் ஒரு வீட்டுப் பெண் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினாள் என்றால், எதற்கு ஏறினாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள், ஏறினாள் என்பதே போதும். உனக்குப் பெண் கொடுக்கிறவன்கூட இருபது வருஷம் கழித்து அதைக் கிளறுவான். நான் அந்த வாசலில் போய் நிற்கக் கூடாது என்றுதான் பென்சிலைக் கீழே வைத்திருக்கிறார். ஐந்தாறு வருஷம் உயிரைக் கொடுத்துப் படித்த படிப்பையும் கூடவே வைத்துவிட்டார். பிறகு தினமும் எதிரில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, இனி நீ சொல், இனி நீ சொல் என்று கேட்டிருக்கிறார். நான் பால்காரி வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அவர் மேலும் ஆத்திரம் உண்டு, அதையும் மறைக்கப் போவதில்லை. வாய் இருக்கிற மனிதர்தானே? “ஏ புள்ள, நீதான சொன்ன?” என்று நேரே கேட்டிருந்தால் அன்றைக்கே ஒரு அழுகையோடு முடிந்திருக்கும். போலீஸ் வரும் என்பதை நாலு நாள் முன்னால் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பெண்டாட்டி காதுக்கு டி-டா எல்லாம் கற்றுக்கொடுத்தவருக்கு, ஒரு காரியத்தை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. ஆகவே உனக்குச் சொல்கிறேன். வரப்போகிற பெண்ணிடம் நீ எதை எழுதிப் போட்டாலும், எதற்காகக் காத்திருந்தாலும், முதலில் அவளுக்குத் தெரியட்டும். அவள் ஏதாவது தப்புச் செய்திருந்தால் சாடை காட்டிக்கொண்டு உட்காராதே, வாய்விட்டுக் கேள். அவள் எதிரே இருந்து உன்னைக் கேட்டால், பயமாக இருந்தாலும் சொல்லிவிடு. அந்த நேரத்துக்குத்தான் முகம் சுருங்கும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் இருக்கிறேன்.

இந்தத் தடவை யாரும் நம் வீட்டைத் தேடி வரும் வரை நான் காத்திருக்கவில்லை. நேற்றுக் காலையில் குளித்துவிட்டு, நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனேன். ஸ்டேஷன் வாசலில் நின்றேன். எதிரே இருந்த டீக்கடைக்காரன் பார்த்தான், பார்க்கட்டும் என்று ஏறிவிட்டேன். உள்ளே ரைட்டர் மேஜையில் உன்னைவிட நாலைந்து வயது மூத்த பையன் ஒருவர். “என்னம்மா, புகாரா?” என்றார்.

“புகார் இல்லீங்க. எம்மகனைப் பத்தி விசாரணைக்குக் காயிதம் வந்திருக்கும். அதான் நானே வந்தேன்.”

தேடி எடுத்தார். முந்தின நாள்தான் வந்திருந்தது. நீ இன்னார், இன்னாருடைய மகன், இந்த விலாசம்தான், ஒரு வம்புதும்பும் கிடையாது என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். தெருவில் ஒருவரைக் கேட்க நாளைக்கு ஆள் வரும், அது வழக்கம் என்றார். நாலு பேரைக் கேளுங்கள், உண்மையைச் சொல்வார்கள், நான் சொல்லிவைத்துவிட்டேன் என்றேன். சரி, போகலாம் என்றார். நான் எழுந்திருக்கவில்லை.

“இன்னொண்ணு சொல்லணும். பதிமூணு வருசத்துக்கு முன்னால எம்மகனோட தகப்பனாருக்கும் இதே மாதிரி காயிதம் வந்துச்சு. அவுக அந்த வீட்டுலதான் இருந்தாக. இல்லைன்னு ஏட்டையாகிட்டப் பொய் சொன்னது நான். தெருக்காரவுக என்னைப் பாத்துத்தான் சொன்னாக. என்ன தண்டனையோ அதை எனக்குக் குடுங்க.”

தாளையும் காட்டினேன். அந்தப் பையன் என் முகத்தைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். “இதுக்கெல்லாம் தண்டனை இல்லம்மா” என்றார். “இப்ப இல்லையா, அப்பவும் இல்லையா?” என்று கேட்டேன். “அப்பவும் ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாக. பயத்துல பொம்பளையாளுக இல்லைன்னு சொல்றது எங்களுக்குத் தெரியாதா? திருத்தி ஒரு ரிப்போர்ட்டு எழுதியிருப்பாக. அவரு ஒரு எட்டு வந்து சொல்லியிருந்தாலே போதும். வெயிலுக்கு முன்னால வீட்டுக்குப் போங்கம்மா” என்றார்.

வெளியே வந்து ஸ்டேஷன் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தேன். நான் உள்ளே போய் வந்ததற்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை தம்பி.